கிரீஸ் கன்னுக்குள்ள ஆயில்: ஹெரால்டு காரும் கழட்ட முடியாத போல்ட்டும்

பழைய கார்களைப் பத்தி எழுதற நம்ம ஆளுங்க பெரும்பாலும் பெயிண்ட், குரோமியம், எஞ்சின் சத்தம் இதோட நிறுத்திக்குவாங்க. பார்க்க அழகா இருக்கறது அதுதானே, தப்பு சொல்ல முடியாது. ஆனா பல வருஷம் சும்மா நின்ன வண்டியை மறுபடி ரோட்டுல விடணும்னு இறங்கினவங்களைக் கேட்டுப் பாருங்க. எஞ்சின் வேலை ரெண்டு வாரத்துல முடிஞ்சிருக்கும். அடியில இருக்கற ஒரே ஒரு போல்ட்டு ரெண்டு மாசம் இழுத்தடிச்சிருக்கும். அந்தப் போல்ட்டோட சரித்திரம்தான் இந்தப் பதிவு. (போல்ட்டுக்கெல்லாம் ஏதுய்யா சரித்திரம்னு கேக்கறவங்க, கொஞ்சம் பொறுமையா கூட வாங்க.)

எடுத்துக்கிட்ட வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நாற்பது வயசு தாண்டினவங்களுக்கு ஞாபகம் இருக்கும். குட்டியா, ரெண்டு பக்கமும் கூர்மையான விளிம்போட, முன்பக்க பானெட் மொத்தமும் மட்கார்டோட சேர்ந்து முன்னால கவிழ்ந்து திறக்கும். டாக்டர், வக்கீல், காலேஜ் புரொபசர் வீட்டு வாசல்ல நிக்கற வண்டி. இதை எடுத்துக்கிட்டதுக்கு காரணம் ரெண்டு. ஒண்ணு, இது மெட்ராஸ்ல செஞ்ச வண்டி. ரெண்டாவது, இந்த வண்டியோட சஸ்பென்ஷன்ல துரு புடிச்சு இறுகிப்போற இடங்கள்ல ரெண்டு வகை இருக்கு, ரெண்டுக்கும் குணம் நேரெதிர். பின்னாடி இருக்கறது இறுகிப்போனாலும் வண்டி பாட்டுக்கு ஓடும், கழட்டத்தான் வராது. முன்னாடி இருக்கறது இறுகினா, நாம கழட்டறதுக்கு முன்னாடி அதுவே உடைஞ்சுடும். எது எந்த வகைன்னு தெரியாம சுத்தியைத் தூக்கறதுலதான் பாதி வண்டி பாழாகுது.

சரி, கதைக்குப் போவோம்.

பாடி கிடைக்காம பொறந்த கார்

1950கள்ல இங்கிலாந்துல கோவன்ட்ரி நகரத்துல ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப்னு ஒரு கம்பெனி. அவங்க காருக்கு பாடி அடிச்சுக் கொடுத்துட்டு இருந்தது ஃபிஷர் அண்ட் லட்லோ. 1953ல அந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. விலைக்கு வாங்கிடுச்சு. போட்டிக்காரன் கையில பாடி போயாச்சு. புதுசா வரப்போற காருக்கு பாடிக்கு எங்க போறது?

அப்போ உலகம் பூரா சேஸிஸ் இல்லாம, பாடியே எலும்புக்கூடு மாதிரி எடை தாங்கற டிசைனுக்கு மாறிட்டிருந்த காலம். அதுக்குப் பெரிய பெரிய பிரஸ் வேணும். ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் கிட்ட அது இல்லை. சீஃப் எஞ்சினியர் ஹாரி வெப்ஸ்டர் பழைய வழிக்கே திரும்பினார். தனி சேஸிஸ், அதுமேல பல துண்டா செஞ்சு போல்ட்டு போட்டு முடுக்கற பாடி. துண்டு துண்டா வேற வேற இடத்துல அடிச்சுக்கலாம். வடிவம் வரைஞ்சு கொடுத்தவர் இத்தாலியில டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1959 ஏப்ரல்ல லண்டன் ஆல்பர்ட் ஹால்ல வச்சு ட்ரையம்ஃப் ஹெரால்டு வெளியாச்சு.

வேற வழியில்லாம எடுத்த அந்த முடிவு நம்ம ஊருக்கு நல்லதாப் போச்சு. துண்டு துண்டா வர்ற வண்டியை தூர தேசத்துல வச்சு கோக்கறது சுலபம். அவங்களோட கூட்டாளியா மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஏற்கனவே வண்டலூர்ல தொழிற்சாலை வச்சு வான்கார்டு, ஸ்டாண்டர்டு டென் எல்லாம் செஞ்சிட்டிருந்தாங்க. 1961ல ஹெரால்டும் சேர்ந்துச்சு, 948 சி.சி. எஞ்சினோட. இங்கிலாந்துல ஸ்டாண்டர்டுங்கற பேரையே 1963ல தூக்கிட்டாங்க. நம்ம ஊர்லதான் அந்தப் பேரு 1980கள் கடைசி வரைக்கும் உயிரோட இருந்துச்சு.

கிரீஸே வேணாம்னு ஒரு கனவு

இப்ப வண்டிக்கு அடியில போவோம். 1950கள்ல கார் வச்சிருக்கறதுன்னா மாசாமாசம் கிரீஸ் அடிக்கணும். ஆயிரம் மைல் ஓடினா அடியில படுத்து பத்து பதினஞ்சு நிப்பிளைத் தேடித்தேடி அடிக்கணும். இந்த வேலையைக் குறைச்சா வாங்கறவங்க சந்தோஷப்படுவாங்கன்னு எல்லாக் கம்பெனியும் யோசிச்சிட்டிருந்துச்சு. கையில புதுசா ரெண்டு பொருள் இருந்துச்சு: நல்ல ரப்பர், அப்புறம் நைலான். ரப்பர் புஷ்ஷுக்கும் நைலான் புஷ்ஷுக்கும் கிரீஸ் வேணாம். ஹெரால்டு இதை நல்லாவே பயன்படுத்திக்கிச்சு. கிரீஸ் அடிக்க வேண்டிய இடங்களை எவ்வளவு முடியுமோ அவ்வளவு குறைச்சாங்க.

பின் சக்கரத்துக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் கொடுத்தது இன்னொரு பெருமை. அம்பாசடர், ஃபியட்ல எல்லாம் பின்னாடி ஒரே நீள ஆக்ஸில், ஒரு சக்கரம் பள்ளத்துல இறங்கினா இன்னொண்ணும் ஆடும். ஹெரால்டுல டிஃபரன்ஷியல் சேஸிஸோட சேர்ந்து நிக்கும். அதுக்கு மேல குறுக்கால ஒரு பட்டை ஸ்பிரிங். ரெண்டு பக்கமும் பாதி பாதி ஆக்ஸில், கதவு கீல்ல ஆடற மாதிரி மேலும் கீழும் ஆடும். இதுக்கு ஸ்விங் ஆக்ஸில்னு பேரு.

பட்டை ஸ்பிரிங்கோட முனையையும் சக்கரத்தையும் சேர்க்கறது செங்குத்தா நிக்கற ஒரு துண்டு. அதோட கீழ்ப்பக்கம் ரெண்டு கால். ரெண்டு காலுக்கும் நடுவுல சக்கர பேரிங்கைத் தாங்கற கூடு. இந்தக் கூட்டையும் ரெண்டு காலையும் கோத்து ஒரு நீளமான போல்ட்டு போகுது. நம்ம கதாநாயகன் (இல்ல வில்லன்) இவன்தான்.

ஏன் புடிச்சுக்குது?

அந்த நீள போல்ட்டு நேரா கூட்டுக்குள்ள போறதில்லை. கூட்டுக்குள்ள நைலான் புஷ். அதுக்குள்ள ஒரு எஃகு குழாய், நம்ம மெக்கானிக் பாஷையில ஸ்லீவ். அந்த ஸ்லீவுக்குள்ளதான் போல்ட்டு. நட்டை முடுக்கினா ரெண்டு காலும் ஸ்லீவை நெருக்கிப் புடிச்சுக்கும். போல்ட்டும் ஸ்லீவும் அசையவே கூடாது. அதுக்கு மேல நைலான் புஷ்தான் ஆடணும். இதுதான் டிசைன்.

இப்ப மழைத் தண்ணி, சேறு, கடற்காத்து உப்பு (இங்கிலாந்துல குளிர்காலத்துல ரோட்டுல கொட்டற உப்பு) எல்லாம் மெதுவா போல்ட்டுக்கும் ஸ்லீவுக்கும் நடுவுல இருக்கற இடுக்குல புகுந்துடும். ரெண்டும் இரும்பு. இரும்பு துருவா மாறினா ரெண்டு மடங்குக்கு மேல இடம் அடைக்கும். ஆனா அங்க இருக்கறதோ தலைமுடி நுழையற சந்து. துரு வெளிய போக வழியில்லாம அந்தச் சந்துலயே நெருக்கி உக்காந்துடும். பத்து வருஷத்துல போல்ட்டும் ஸ்லீவும் ஒரே கம்பி மாதிரி ஆயிடும்.

ஆனா பாருங்க, வண்டிக்கு இதால ஒரு கெடுதலும் இல்லை! அசையக் கூடாத ரெண்டு பொருள் இன்னும் கெட்டியா அசையாம இருக்கு, அவ்வளவுதான். நைலான் புஷ் பாட்டுக்கு ஆடிட்டிருக்கும். ஓட்டறவருக்கு நாற்பது வருஷம் ஆனாலும் எதுவும் தெரியாது. நைலான் தேஞ்சு, புது புஷ் போடலாம்னு ஒருத்தர் ஸ்பேனரை எடுக்கற அன்னைக்குத்தான் விஷயமே வெளிய வரும். 1959ல டிசைன் பண்ணினவங்க கணக்குல கார்னா பத்து வருஷம் ஓடற சாமான். அறுபது வருஷம் கழிச்சு ஒருத்தன் அடியில படுத்துக்கிட்டு திட்டுவான்னு அவங்க எங்க நினைச்சாங்க?

கழட்டற வித்தை

முதல்ல ஒரு ஏமாத்து வேலை நடக்கும். நட்டு சுலபமா வந்துடும். போல்ட்டு தலையில ஸ்பேனர் போட்டா அதுவும் சுத்தும். ஆஹா வந்துடுச்சுடான்னு சந்தோஷப்படுவோம். ஆனா ஒரு இம்மி கூட வெளிய வராது. என்ன நடக்குதுன்னா, போல்ட்டும் ஸ்லீவும் சேர்ந்தே நைலானுக்குள்ள சுத்துது. ரெண்டு காலுக்கு நடுவுல ஸ்லீவு மாட்டிக்கிட்டு இருக்கறதால வெளிய வர வழியே இல்லை. சுத்துதேன்னு நம்பி நாள் முழுக்க சுத்தலாம், பலன் பூஜ்யம்.

அடுத்து எண்ணெய். மண்ணெண்ணெய், டீசல், பிரேக் ஆயில்னு ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு வைத்தியம் உண்டு. எல்லாரும் தேடற டபிள்யூ.டி-40 கூட 1953ல அமெரிக்காவுல அட்லஸ் ஏவுகணையோட மேல்தகடு துருப்பிடிக்காம இருக்க, தண்ணியை விலக்கறதுக்காகக் கண்டுபிடிச்சது. நாற்பதாவது தடவை சரியா வந்ததால அந்த 40. இறுகின துருவுக்குள்ள ஊடுருவறது அதோட முதல் வேலை இல்லை. அதுக்குன்னே தனியா எண்ணெய் விக்குது, அதுதான் உத்தமம். ஆனா இந்தப் போல்ட்டுல எந்த எண்ணெய்க்கும் ஒரே பிரச்சனைதான். உள்ள போக வழி ரெண்டு முனையில மட்டும்தான். அங்கயும் வாஷர், ரப்பர் சீல் எல்லாம் மூடிட்டு நிக்குது. ஒரு வாரம் ஊற வச்சாலும் நடு பாகத்துக்குப் போய்ச் சேர்றது சந்தேகம்.

மூணாவது, சூடு. பொதுவா இறுகின நட்டுக்கு சூடு அருமையான மருந்து. கணக்குப் போட்டா ரொம்பச் சின்ன விஷயம்தான்: 12 மி.மீ. துளையுள்ள இரும்பை 300 டிகிரி சூடாக்கினா துளை 0.04 மி.மீ. மாதிரி பெருசாகும். தலைமுடி கனத்துல பாதிதான், ஆனா துருவோட பிடியை உடைக்க அது போதும். சிக்கல் என்னன்னா, நாம சூடாக்க வேண்டிய ஸ்லீவு கூட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. வெளியிலிருந்து கேஸ் அடிச்சா முதல்ல நைலான் உருகும், புகை மூக்கைத் துளைக்கும், பக்கத்துல இருக்கற பேரிங் கிரீஸ், பிரேக் ஹோஸ், ரப்பர் எல்லாம் பாழ்.

நாலாவது, நம்ம தேசிய ஆயுதம் சுத்தி. ஓங்கி அடிச்சா போல்ட்டு முனை காளான் மாதிரி விரியும். அப்புறம் அது எந்தத் துளை வழியாவும் வராது. (அடிச்சே ஆகணும்னா நட்டை முனைக்கு சமமா திருகி வச்சுட்டு அடிங்க, மரையாவது மிஞ்சும்.) அதைவிட மோசம், அடி எல்லாம் அந்தச் செங்குத்துத் துண்டோட காலுக்குப் போய் சேரும். கால் வளைஞ்சுடுச்சுன்னா கதை முடிஞ்சது.

கடைசியா வேலை செய்யறது எதுன்னா, அறுக்கறது. காலுக்கும் கூட்டுக்கும் நடுவுல, சீல் இருக்கற இடத்துல, ரெண்டு பக்கமும் ஹாக்ஸா பிளேடு நுழையற அளவுக்கு இடம் இருக்கு. அங்க வச்சு போல்ட்டையும் ஸ்லீவையும் சேர்த்து அறுத்துட்டா கூடு தனியா கழண்டு வந்துடும். கால்ல மிஞ்சற துண்டும், கூட்டுக்குள்ள இருக்கற துண்டும் தட்டினா வந்துடும். கையால அறுத்தா ஒரு பக்கத்துக்கே நெத்தி வேர்வை நிலத்துல விழும். மெஷின் ரம்பம் இருந்தா சில நிமிஷம்.

"என்னய்யா, கழட்டறதுன்னு சொல்லிட்டு அறுக்கச் சொல்றியே?"ன்னு தோணும். யோசிச்சுப் பாருங்க. அறுத்தா போறது போல்ட்டு, ஸ்லீவு, நைலான் புஷ், வாஷர், சீல். இது அத்தனையும் எப்படியும் மாத்தத்தான் போறோம். காப்பாத்த வேண்டியது கூடும், செங்குத்துத் துண்டும். சுத்தியும் சூடும் காப்பாத்த வேண்டியதைக் கெடுத்துட்டு, தூக்கிப்போட வேண்டியதைக் காப்பாத்தப் பாக்குது. ரம்பம் அதை நேராக்குது. இங்கிலாந்துல இந்த வண்டியையும் இதோட உறவான ஸ்பிட்ஃபயரையும் வச்சிருக்கறவங்க பல பேர் எல்லா வைத்தியமும் பார்த்துட்டு கடைசியில வந்து சேர்ந்த இடம் இதுதான். திரும்பப் பூட்டும்போது புதுப் போல்ட்டு மேல செம்புத்தூள் கலந்த கிரீஸை நல்லாத் தடவி விட்டா, அடுத்து வர்றவன் நம்மள வாழ்த்துவான்.

ஒரு எச்சரிக்கை: இதுக்கெல்லாம் முன்னாடி வண்டியை உறுதியான ஸ்டாண்டுல நிறுத்தணும், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகக் கூடாது. பின்னாடி ஷாக் அப்சார்பரைக் கழட்டறதுக்கு முன்னாடி செங்குத்துத் துண்டுக்குக் கீழ ஜாக்கி முட்டுக் கொடுக்கணும். பட்டை ஸ்பிரிங் அழுத்தத்துலதான் நிக்குது, விட்டா உதைக்கும். முன்பக்கச் சுருள் ஸ்பிரிங் இன்னும் ஆபத்து. அமுக்கிப் புடிக்கற கருவி இல்லாம மேல் நட்டைத் தொடவே கூடாது. பழைய பிரேக் லைனிங் தூசியில ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஊதிடாதீங்க.

முன்பக்கம்: இங்கதான் உயிர் விஷயம்

இதுவரைக்கும் சொன்னது தொல்லை. இனி சொல்லப்போறது ஆபத்து.

முன்பக்க சக்கரத்தைத் தாங்கறது இன்னொரு செங்குத்துத் துண்டு, கெட்டியான எஃகு. அதோட கீழ் முனையில மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு வெண்கலத் துண்டுக்குள்ள திருகி உக்காரும். இந்த வெண்கலத் துண்டுக்குப் பேரு ட்ரன்னியன். ஸ்டியரிங் திருப்பினா என்ன நடக்குதுன்னா, நட்டுக்குள்ள போல்ட்டு சுத்தற மாதிரி எஃகு மரை வெண்கல மரைக்குள்ள சுத்துது. சக்கரத்தோட எடையும் அடியும் இந்த மரை மேலதான். ஒரு பக்கம் வலப்புரி மரை, இன்னொரு பக்கம் இடப்புரி. 25 அடி வட்டத்துக்குள்ள திரும்பற வண்டின்னு ஹெரால்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததுல இந்த மூட்டுக்கும் பங்கு உண்டு. இதே மாதிரி மூட்டு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்ல இருந்துச்சு, 1962ல வந்த லோட்டஸ் எலான்ல கூட இருந்துச்சு.

ரப்பரும் நைலானும் ஒழிக்க முடியாத இடம் இது. உலோகத்து மேல உலோகம் உரசுது, கட்டாயம் வழவழப்பு வேணும். கம்பெனி என்ன சொல்லிச்சு? கிரீஸ் வேணாம், கெட்டியான கியர் ஆயில் போடு. நம்ம ஊர்ல 90 நம்பர் ஆயில்னு கேட்டு வாங்கறோமே, அந்த ரகம். எப்படிப் போடறது? ட்ரன்னியன்ல இருக்கற சின்ன பிளக்கைக் கழட்டு, அந்த இடத்துல நிப்பிள் மாட்டு, கிரீஸ் கன்னுக்குள்ள ஆயிலை நிரப்பி அடி, மேல ஆயில் கசியற வரைக்கும்.

இங்கதான் சரித்திரம் வழுக்கிச்சு. கையில இருக்கறது கிரீஸ் கன். மாட்டினது கிரீஸ் நிப்பிள். இதுக்குள்ள ஆயில் ஊத்துன்னா எத்தனை பேர் ஊத்துவாங்க? அதுவும் அதே காலத்துல இங்கிலாந்து ரோட்டுல ஓடின மோரிஸ் மைனர்லயும் இதே மாதிரி மரை போட்ட ட்ரன்னியன்தான், 1948லேர்ந்து. அதுக்கு புத்தகமே கிரீஸ் அடின்னுதான் சொல்லுது. காலையில மைனருக்கு கிரீஸ் அடிச்ச மெக்கானிக் மத்தியானம் ட்ரையம்ஃபுக்கும் அதே கன்னால அடிச்சிருப்பார். யாரைக் குத்தம் சொல்ல?

நம்ம ஊர்ல கேக்கவே வேணாம். அம்பாசடர், ஃபியட், லாரி, பஸ் எதுவானாலும் சர்வீஸ்னா வாட்டர் வாஷ், அப்புறம் கிரீஸ். வேகமா பீய்ச்சி அடிக்கற தண்ணி முதல்ல சீலைத் தாண்டி மூட்டுக்குள்ள போகும். அப்புறம் அடிக்கற கிரீஸ் அந்தத் தண்ணி மேல மூடி போட்ட மாதிரி உக்காரும். ஆயிலா இருந்தா ஓடி இறங்கி மரையோட அடி வரைக்கும் போகும். கிரீஸ் போகப்போக காஞ்சு, சோப்புக்கட்டி மாதிரி ஆகி, புதுசா அடிக்கற கிரீஸுக்கும் வழி விடாது. தண்ணி உள்ளயே மாட்டிக்கிச்சு. எஃகு மரை துருப்பிடிச்சு குழி விழ ஆரம்பிக்கும். ட்ரன்னியன் மெதுவா இறுகும்.

இறுகினா என்ன ஆகும்? ஸ்டியரிங் கனமாகும். "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்"னு ஓட்டறவர் இன்னும் பலமா திருப்புவார். அந்தத் திருகல் மொத்தமும் துரு தின்னு மெலிஞ்ச மரையில போய் விழும். ஒரு நாள் அது மரையோட மேல்பக்கம், வெண்கலத்துக்குள்ள நுழையற இடத்துக்கிட்ட ஒடியும். சக்கரம் மடிஞ்சு மட்கார்டுக்கு அடியில போயிடும். நல்லகாலம், பெரும்பாலும் இது மெதுவா, முழுசா ஸ்டியரிங் ஒடிச்சு வண்டியை நிறுத்தும்போது நடக்கறது. வேகத்துல நடந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

கிரீஸ் போட்டாலும் அடிக்கடி அடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு வாதாடற பழைய ஓட்டுநர்களும் உண்டு. அதுலயும் நியாயம் இருக்கு. உண்மையான எமன் எதையுமே போடாம விடறதுதான். ஆனா வருஷத்துக்கு ரெண்டு தடவை கூட வெளிய எடுக்காத வண்டிக்கு ஆயில்தான் பாதுகாப்பு.

பழுது பார்க்கற நேரத்துல இந்த மூட்டை எப்படிக் கழட்டறது? இங்க பின்பக்க விதி எல்லாம் தலைகீழ். அறுக்கக் கூடாது. முதல்ல ட்ரன்னியனையும் கீழ் விஷ்போனையும் கோக்கற போல்ட்டை எடுக்கணும். அதுவும் ஸ்லீவுக்குள்ள போற ஆசாமிதான், பின்பக்கத்துத் தம்பி. அதை வேணா அறுத்துக்கலாம். அப்புறம் வெண்கலத்தைத் திருகிக் கழட்டணும், எந்தப் பக்கம் எந்த மரைன்னு பார்த்துட்டு. வரலைன்னா இங்க சூடு கைகொடுக்கும். வெண்கலம் எஃகை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகமா விரியும். வெளிய இருக்கற வெண்கலத்தைச் சுத்தியும் மிதமா சூடாக்கினா அது தானா பிடியை விடும். செக்கச்செவேல்னு பழுக்க வைக்க வேணாம், எஃகோட பலமே போயிடும்.

கழண்டதும் மரையை நல்லாக் கழுவி, பூதக்கண்ணாடி வச்சு பாருங்க. குழி விழுந்திருக்கா, கழுத்துப் பக்கம் தேஞ்சிருக்கா, கோடு மாதிரி விரிசல் தெரியுதா? ஒண்ணு இருந்தாலும் அந்தத் துண்டு குப்பைக்கு. லேத்துல கொடுத்து மரையை சுத்தம் பண்ணிப் போட்டுக்கலாம்ங்கற நம்ம சிக்கன புத்தி இங்க மட்டும் வேலைக்கு ஆகாது. உள்ள மாட்டி வச்சுட்டா அப்புறம் வெளியிலிருந்து பார்த்து யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. மெட்ராஸ்ல உதிரி பாகம் கிடைக்காத அந்த நாள்ல லேத்து பட்டறைதான் இந்த வண்டிகளை உயிரோட வச்சிருந்துச்சு, அதுல சந்தேகமே இல்லை. ஆனா எதை வெட்டி ஒட்டலாம், எதை ஒட்டக் கூடாதுன்னு பிரிச்சுப் பார்த்த மேஸ்திரிகளோட வண்டிதான் இன்னைக்கும் நிக்குது.

மெட்ராஸ் எடுத்த முடிவு

இங்கிலாந்துல ஹெரால்டு 1971 வரைக்கும் ஸ்விங் ஆக்ஸிலோடவே வந்துச்சு. தம்பி ஸ்பிட்ஃபயர் 1980 வரைக்கும், ஸ்பிரிங்கை மட்டும் கொஞ்சம் மாத்திக்கிட்டு, அதே அமைப்புலயே ஓடிச்சு. நம்ம ஊர்ல அப்படி இல்லை. இங்க கார்னா அதுல ஆறேழு பேர், டிக்கியில மூட்டை, ரோட்டுல பள்ளம். பாரம் ஏறினா ஸ்விங் ஆக்ஸில் சக்கரம் மேல்பக்கம் உள்ள சாஞ்சு, டயர் உள்விளிம்புல தேயும். வாங்கறவங்களுக்கும் புடிக்கலை, மெக்கானிக்குகளுக்கும் புடிக்கலை.

வண்டலூர்ல முதல்ல நாலு கதவு ஹெரால்டு செஞ்சாங்க. இங்கிலாந்துலயே இல்லாத மாடல் அது. அப்புறம் 1970கள் தொடக்கத்துல ஸ்டாண்டர்டு கெஸல்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. அதுல ஸ்விங் ஆக்ஸிலையே தூக்கிட்டு, அம்பாசடர் மாதிரி ஒரே நீள ஆக்ஸில் போட்டாங்க. நம்ம வில்லன் போல்ட்டுக்கு அங்க வேலையே இல்லாமப் போச்சு. தொழில்நுட்பப் புத்தகம் எழுதறவங்க இதை பின்னோக்கிப் போனதா சொல்லுவாங்க. வண்டிக்கு அடியில படுத்தவங்க கிட்ட கேட்டா வேற மாதிரி சொல்லுவாங்க. பழுது பார்க்கறவனோட குரல் டிசைன் வரைக்கும் போய்ச் சேர்ந்த ரொம்ப அபூர்வமான சம்பவம்னுதான் எனக்குப் படுது. கெஸல் கொஞ்சமா வித்து 1977ல நின்னுடுச்சுங்கறது வேற சோகக்கதை.

கார் சரித்திரம்னா டிசைன் பண்ணினவர் பேரு, வெளியான தேதி, எவ்வளவு வித்துச்சு, இதோட முடிஞ்சுடுது. பொறந்த கதை மட்டும் எழுதிட்டு வளர்ந்த கதையை விட்டுட்ட மாதிரி. ஹெரால்டுல அந்த மீதிக் கதை துருவுலயும் காஞ்சுபோன கிரீஸுலயும் எழுதியிருக்கு. ட்ரன்னியனைக் கழட்டினதும் உள்ள இருக்கறது ஆயிலா, கிரீஸா, வெறும் தண்ணியான்னு பார்த்தாலே அந்த வண்டியை இத்தனை வருஷம் யாரு எப்படிப் பார்த்துக்கிட்டாங்கன்னு தெரிஞ்சுடும். வண்டி மேல ஆசை இருந்தும் கியர் ஆயில் விஷயம் தெரியாத வீடுகள்தான் நிறைய இருந்திருக்கும். கையேட்டுல ஒரு வரியில இருந்த விஷயம் பட்டறைக்கு வந்து சேரலை, அவ்வளவுதான்.

உங்க சொந்தக்காரங்க யாரு வீட்டு ஷெட்டுலயாவது ஒரு ஹெரால்டு தார்ப்பாய்க்குள்ள தூங்கிட்டிருந்தா, எஞ்சினைக் கிளப்பிப் பார்க்கற ஆசையைக் கொஞ்சம் அடக்குங்க. 2015 டிசம்பர் வெள்ளம் மாதிரி தண்ணியில நின்ன வண்டின்னா ரெண்டு மடங்கு அடக்குங்க. முதல்ல முன் சக்கரத்தைத் தூக்கி, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கையால திருப்பிப் பாருங்க. கனமா இருந்தா தெருமுனை வரைக்கும்னாலும் ஓட்டாதீங்க. ட்ரன்னியனைக் கழட்டி, மரையைப் பார்த்துட்டு, ஆயில் ஊத்தினதுக்கு அப்புறம் சாவியைத் தேடுங்க.

டிஸ்கி 1: பின்பக்கப் போல்ட்டை அறுக்காம முழுசாக் கழட்டின புண்ணியவான் யாராவது இருந்தா பின்னூட்டத்துல வித்தையைச் சொல்லுங்க. கோயில் கட்டிக் கும்பிட ஒரு கூட்டமே இருக்கு :-)

டிஸ்கி 2: வீட்டுல ஹெரால்டு ஓட்டின தாத்தா, சித்தப்பா யாராவது இருந்தா ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: "முன்னாடி ட்ரன்னியனுக்கு என்ன போட்டீங்க, ஆயிலா கிரீஸா?" பதிலைக் கட்டாயம் எழுதுங்க. அது எந்தப் புத்தகத்துலயும் இல்லாத சரித்திரம்.